மச்சான் பிடித்த விஞ்சு

விஜிதரனின் உடலை வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முற்றத்துப் பந்தலுக்குள் வைத்தபோது, அவனுடைய தாய் வடிவம்மா அழவில்லை. பெட்டியின் தலைமாட்டைப் பிடித்தபடி, சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“காவல் கயிறு போட்டவங்களோ?”

யாரோ ஒரு பெரியவர், “அம்மா, உதெல்லாம் இப்ப ஏன்...” என்று தொடங்கினார்.

“இப்ப கேக்காமல் எப்ப கேக்கிறது? கயிறு போட்டிருந்ததோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ.”

விஜிதரனின் மனைவி ராஜினியின் தம்பி அஜந்தன் முன்னால் வந்து வடிவம்மாவின் காலடியில் குந்தினான். விஜிதரன் கிணற்றுக்குள் நின்றபோது மேலே பாரம் இறக்குகிற விஞ்சைப் பிடித்திருந்தவன் அவன்தான். உடுப்பெல்லாம் இன்னும் கல்தூள்.

“போடேல்லை மாமி. அத்தான்தான் வேண்டாம் எண்டவர். நீ நிக்கேக்க கயிறு என்னத்துக்கடா மச்சான் எண்டு சிரிச்சவர்.”

இதைக் கேட்டதும் பெண்கள் எல்லோரும் ஒரேயடியாகக் குழறி அழுதார்கள். பெட்டியின் கால்மாட்டில் விழுந்து கிடந்த ராஜினி எழும்பிவந்து, அத்தனை சனத்துக்கும் முன்னால் தம்பியைக் கட்டிப்பிடித்தாள்.

“கேட்டியளோ மாமி? கடைசி மட்டும் என்ர தம்பியை நம்பித்தான் இருந்திருக்கிறார்.”

வடிவம்மா அவளைப் பார்க்கவில்லை. அஜந்தனைத்தான் பார்த்தார்.

“சாமான் இறங்கேக்க குடைவுக்குள்ள நிக்கிறவன் என்ர பிள்ளை. அவன் ஏன் நடுவுக்கு வந்தவன்?”

“தெரியேல்லை மாமி. நில்லுங்கோ, நில்லுங்கோ எண்டு கத்தினனான். தானா வந்து கீழ நிண்டிட்டார்.”

மரண விசாரணையிலும் அதுவே பதிவாகியிருந்தது. இறங்கிக்கொண்டிருந்த பாரத்துக்குக் கீழே தானாகப் போய் நின்றதால் நேர்ந்த விபத்து. அன்று பின்னேரமே தகனம் முடிந்தது. கேள்வி மட்டும் அந்த வீட்டுக்குள் தங்கிவிட்டது.

நான் பக்கத்து வளவு. முன்பள்ளியில் படிப்பித்தவள் என்பதால் ஊர் என்னை இன்னமும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. என் வீட்டுக்காரரும் மகனும் முள்ளிவாய்க்காலில் எப்படிப் போனார்கள் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. ஆகவே, வடிவம்மாவின் கேள்வியை மற்றவர்கள் கிழவியின் பிடிவாதம் என்றபோது நான் அப்படி நினைக்கவில்லை.

விஜிதரனுக்குத் தொழில் கல்லுக்கிணறு வெட்டுவது. துணுக்காய், மாங்குளம், வவுனியா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவான். நம் பக்கத்தில் மண் கொஞ்ச ஆழத்துக்குத்தான். அதன்பிறகு கருங்கல். துளை போட்டு, வெடி வைத்து, உடைந்த கல்லை வாளி வாளியாக மேலே இழுக்கவேண்டும். ஆழம் கூடக் கூட ஊற்றுத் தண்ணீர் கசியத் தொடங்கும். மேலிருந்து உறிஞ்சி எடுக்க எட்டாத ஆழம் வந்துவிட்டால் தண்ணீர் இறைக்கிற டீசல் மிசினையே கிணற்றின் அடிக்கு இறக்கவேண்டும். ஒவ்வொரு வெடிக்கு முன்னும் அதை மேலே தூக்கவேண்டும், வெடித்த பிறகு திரும்ப இறக்கவேண்டும். ஓர் ஆளால் அசைக்கமுடியாத பாரம்.

வேலிக்கரையில் நின்று அவன் சொல்வான். “கல்லுக்குப் பயமில்லை ரீச்சர். வெடிக்கும் பயமில்லை. அதுக்கு நேரஞ் சொல்லித்தானே வைக்கிறது. இந்தச் சாமானை ஏத்தி இறக்கிறதுதான் எமன்.”

அதனால்தான் அவனிடம் அவ்வளவு கட்டுப்பாடு. பாரம் அசையும்போது கீழே நிற்பவன் கிணற்றுச் சுவரில் வெட்டிவைத்த குடைவுக்குள் ஒதுங்கி நிற்கவேண்டும். பாரம் நிலத்தில் இருந்து, மேலே உள்ளவன் குரல் கொடுத்த பிறகே வெளியில் வரலாம். விஞ்சு பிடிப்பவன் பாரம் தொங்கும்போது கைப்பிடியை விட்டு அகலக்கூடாது. இதற்கெல்லாம் மேலே காவல் கயிறு. அது விஞ்சின் கம்பிக் கயிற்றோடு சேராத தனிக் கயிறு. பாரத்தில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கிணற்றடி மரத்தில் சுற்றி, இன்னொருவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருப்பார். விஞ்சு கைவிட்டாலும் கயிறு பிடிக்கும்.

கிணறு வெட்டுகிற குடும்பங்களில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. கீழே இறங்குகிறவனுக்கு விஞ்சு பிடிப்பது அவன் மனைவியின் சகோதரனாக இருக்கவேண்டும். தன் அக்காவின், தங்கையின் தாலிக்கு ஒரு குறை வர அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. விஜிதரன் ராஜினியைக் கட்டிய கையோடு அஜந்தனைத் தொழிலுக்குச் சேர்த்தான்.

முதல் கிணற்றிலேயே பிரச்சினை வந்தது. அஜந்தன் விஞ்சைப் பிடிக்க, விஜிதரன் வழமைபோலக் காவல் கயிற்றையும் கட்டியிருக்கிறான். செய்தி ராஜினியின் தாய்வீட்டுக்குப் போய், அங்கிருந்து இவளிடம் வந்தது. அன்றைக்கு அவள் போட்ட சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது.

“என்ர தம்பி பிடிக்கிற விஞ்சுக்குக் காவலோ? உங்களை விழுத்திப் போடுவான் எண்டு பயமோ? அப்பிடியெண்டால் என்னை ஏன் கட்டினனீங்கள்?”

“உது ஆள் பாத்துப் போடுற கயிறில்லையப்பா. இரும்புக்குப் போடுறது.”

“ஊர் என்ன கதைக்குது எண்டு தெரியுமோ? மச்சானை நம்பாத மனுசன் எண்டு கதைக்குது.”

ஒரு கிழமை அவனோடு அவள் கதைக்கவில்லை. சோறு தாயின் கையால்தான். அதன்பிறகு அஜந்தன் நிற்கும் வேலைகளில் விஜிதரன் கயிறு போடுவதை விட்டான். வேலியடியில் என்னிடம், “வீட்டுக்குள்ள வெடி வைக்கேலாது ரீச்சர்,” என்று சிரித்தான். ஆண்டுகள் ஓடின, ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததே அது சரி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

செத்தவீட்டுக்குப் பிறகு அஜந்தன் நாள் தவறாமல் வந்தான். சோளகக் காற்று அள்ளிவரும் புழுதிக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். விறகு பிளப்பான். எங்கள் பக்கக் கிணறுகள் வற்றியிருந்தன. தண்ணீர் பவுசர் வண்டி வந்தால் வரிசையில் நின்று கான்களை நிரப்பிக் கொண்டுவந்து வைப்பான். குளத்து மீன் கொண்டுவருவான். ராஜினி அதைக் காய்ச்சி அவனுக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். வடிவம்மா அந்தக் குழம்பைத் தொடுவதில்லை. குரக்கன் புட்டையும் சம்பலையும் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலடிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் இல்லாத வீடு. இருந்த இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் கதைக்காவிட்டால் அங்கே கதைக்க வேறு ஆள் இல்லை.

“மாமிக்கு என்ர தம்பியில குற்றம் பிடிக்க வேணும் ரீச்சர். மகன் கவலையீனமாச் செத்தவன் எண்டுறதைத் தாங்க ஏலாமல் கிடக்குது,” என்று ராஜினி என்னிடம் சொன்னாள்.

வடிவம்மா வேறு விதமாகச் சொன்னார். “என்ர மனுசனும் கிணறு வெட்டினவர்தான். அவருக்கு விஞ்சு பிடிச்சது என்ர அண்ணன். கயிற்றைக் கட்டுறதும் அண்ணன்தான். தன்ர கையாலயே கட்டுவான். மச்சான் பிடிக்கிறது வழக்கம், ரீச்சர். கயிறில்லாமல் இறங்கிறது வழக்கமில்லை. அது ரோசம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சரி, கயிறு போகட்டும். அவன் ஏன் வெளியில வந்தவன்? அதை ஆரும் சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திடுவன்.”

அந்தியேட்டிச் சடங்குக்கு, கிணற்றுக்குச் சொந்தக்காரரான மஹ்றூபும் மனைவி சபூறாவும் வந்திருந்தார்கள். வவுனியாவுக்கு மேற்கே, மன்னார் வீதிப் பக்கம் அவர்களுக்குக் காணி. புத்தளத்தில் எத்தனையோ வருசம் இருந்துவிட்டு, திரும்பிவந்து காடு வெட்டித் தோட்டம் செய்கிறவர்கள். சபூறா ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை ராஜினியின் கையில் வைத்துவிட்டு, அந்தக் கையை விடாமலே பக்கத்தில் இருந்தார். வடிவம்மா பின்பக்கத்தில் இருந்தார். அஜந்தன் சமையற்காரரோடு நின்றான்.

“எங்கட வளவில இப்பிடி ஆச்சே மகள் எண்டு ராவு முழுக்க நித்திரையில்ல. அல்லா அவருக்கு நல்ல இடம் குடுப்பான். அந்தத் தம்பியும் பாவம். சத்தம் கேட்டதும் வேம்படியில இருந்து ஓடின ஓட்டம், இப்பவும் என்ட கண்ணுக்குள்ள நிக்குது.”

ராஜினி தலை நிமிர்ந்தாள். “வேம்படியில இருந்தோ?”

“ஓம் மகள். மதிலோரத்து வேம்பு. நான் குசினி யன்னலால கண்டனான். போனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தவர், எறிஞ்சிட்டு ஓடினார்.”

“அவன் விஞ்சடியிலதானே நிண்டவன்?”

சபூறா பதில் சொல்ல வாயெடுத்தார். மஹ்றூப் தொண்டையைச் செருமி, “அந்த நேரத்தில ஆருக்கு என்ன நினைவிருக்கும்? விடுங்க,” என்றார். தான் அப்போது தோட்டத்துக்குள் நின்றதாகவும், தொழிலில் கூட நிற்கும் மற்ற ஆள் டீசல் வாங்க ரவுணுக்குப் போயிருந்ததாகவும் சொன்னார்.

“பொலிசில இதைச் சொன்னனீங்களோ?” என்று நான் சபூறாவிடம் கேட்டேன்.

“என்னட்ட ஆர் கேட்ட? அவங்க ஆம்பிளையளிட்டத்தான் கேட்டவங்க.”

சனம் கலைந்தபிறகு ராஜினியும் நானும் சமைத்த கிடாரங்களைக் கழுவினோம். சாம்பலை அள்ளிப் போட்டு, ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அவா பயத்தில எதையோ மாறிச் சொல்லுறா, என்ன ரீச்சர்?”

“மாறிச் சொல்ல அவாக்கு என்ன தேவை ராஜினி?”

“அப்ப என்ர தம்பிக்கு என்ன தேவை?”

பிறகு சில நாள் அவள் வேலிப்பக்கம் வரவில்லை. அஜந்தன் வந்து சாப்பிடும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பதை நான் கண்டேன். “தம்பி...” என்று தொடங்குவாள். “என்னக்கா?” என்பான். “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?” என்று முடிப்பாள். கேட்டுவிட்டால் அதற்கு ஒரு மறுமொழி வந்துவிடும் என்று பயந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மழைக்கு முதல் மஹ்றூபின் கிணற்றை முடிக்கவேண்டியிருந்தது. அரைகுறையாய் விட்டால் மாரி வெள்ளத்தில் மேல்மண் சரிந்துவிடும். விஞ்சு விஜிதரனுடையது. அது அங்கேயே கிடந்தது. அஜந்தன் ஒருநாள் காலை வந்து முற்றத்தில் நின்றான்.

“இனி நான்தான் கீழ இறங்க வேணும் அக்கா. விஞ்சு பிடிக்க சுமன் வாறான்.” சுமன் அஜந்தனின் மனைவிக்குத் தம்பி. “அத்தான்ர சாமான். நீ சொன்னால்தான் தொடுவன்.”

“தொடு,” என்றாள் ராஜினி. “ஆனால் நானும் வாறன். அவர் கிடந்த இடத்தை நான் இன்னும் பாக்கேல்லை.”

“பாத்து என்ன செய்யப்போறாய்? வேண்டாம் அக்கா.”

“நீ போ. நான் ரீச்சரோட பஸ்ஸில வாறன்.”

மாங்குளம் சந்தியில் பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கிணற்றைச் சுற்றி உடைந்த கருங்கல் குவியல் குவியலாகக் கிடந்தது. காற்று வீசும் நேரமெல்லாம் வெள்ளைத் தூள் எழும்பி எங்கள் வாயில் கரகரத்தது. கிணற்று வாய்க்கு மேலே மூன்று கால் இரும்புச் சட்டம். அதில் கப்பி. ஒரு பக்கம் விஞ்சு, பாரம் சறுக்காமல் பல்லுச் சக்கரத்தில் விழும் தடைக்கட்டை புதிதாக மாற்றப்பட்டிருந்தது. அதிலிருந்து பார்த்தால் மதிலோரத்து வேம்பு நன்றாகத் தள்ளித்தான் இருந்தது. ராஜினி முதலில் கிணற்றைப் பார்க்கவில்லை. அந்த வேம்பையும் விஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் எட்டிப் பார்த்தாள். அடியில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நின்றது.

வேறொரு மிசின் இறக்கத் தயாராக இருந்தது. சுமன் சட்டையைக் கழற்றிவிட்டு விஞ்சின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றான். வாய் ஓயாதவன்.

“ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ அக்கா. என்ர அத்தானெல்லோ! சறுக்க விட்டனெண்டால் வீட்டில எனக்குத் தண்ணியும் கிடையாது.”

அஜந்தன் சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த புதுக் கயிற்றுச் சுருளை அவிழ்த்தான். ஒரு முனையை மிசினின் சட்டத்தில் கட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சும் போட்டான். மறுமுனையைக் கிணற்றடிப் பாலைமரத்தில் சுற்றி மஹ்றூபின் கையில் கொடுத்தான்.

“மஹ்றூப் நானா, இதை விட்டிட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா இளக்குங்கோ.”

சுமனின் முகம் மாறிவிட்டது. “என்ன அத்தான் இது? என்னிலயும் நம்பிக்கை இல்லையோ? அக்காட்டச் சொல்லிக் குடுப்பன்.”

“வாயை மூடிக்கொண்டு நான் சொல்லுறதைக் கேள். நான் குடைவுக்குள்ள நிப்பன். சாமான் நிலத்தில இருந்து நீ குரல் தந்தால்தான் வெளியில வருவன். பாதியில எங்கையாவது தட்டினால் நிப்பாட்டு, ஆனால் கைப்பிடியை விட்டு அங்கால இங்கால போகாத. போனை மஹ்றூப் நானாட்டக் குடு. இப்பவே குடு. நான் கூப்பிட்டால் உடன மறுமொழி தா. விளங்குதோ? உடன.”

விஜிதரன் இருபது தரம் சொல்லிக் கேட்ட கட்டுப்பாடுகள்தான். ஆனால் கடைசியில் அஜந்தன் சொன்னதை விஜிதரன் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ராஜினியும் கேட்டிருக்கமாட்டாள்.

“அஜந்தன்,” என்றாள் அவள்.

“என்னக்கா?”

“அண்டைக்கு அவர் உன்னைக் கூப்பிட்டவரோ?”

அவன் கிணற்று விளிம்பில் ஏணிக்கு ஒரு காலை வைத்தபடி நின்றான்.

“என்ன கேக்கிறாய்?”

“கூப்பிட்டால் உடன மறுமொழி தா எண்டு இவனுக்குச் சொல்லுறாய். அதை உனக்கு ஆர் படிப்பிச்சது? அவர் கூப்பிட்டவரோ, இல்லையோ?”

“அக்கா, வேலை நேரத்தில...”

“கூப்பிட்டவரோ?”

ஏணியில் வைத்த காலை எடுத்துவிட்டு அவன் கற்குவியலில் இருந்தான். சுமன் தன் கையில் இருந்த போனையும் அவனையும் பார்த்தான்.

“தடைக்கட்டையைப் போட்டிட்டுத்தான் போனனான். சத்தியமா அக்கா. மிசின்ர கால் பாதியில ஒரு கல்லில தட்டி நிண்டிட்டுது. கம்பி இளகிப்போச்சு. கொஞ்சம் தூக்கித் திருப்பி விட வேணும். நான் நிப்பாட்டிப்போட்டு...”

“நிப்பாட்டிப்போட்டு?”

“கிரிக்கெட் மச் முடியிற நேரம். கடைசி ஓவர். இவ்விடத்தில சிக்னல் இல்லை. வேம்படியிலதான் கிடைக்கும்.”

“அவர் கீழ நிக்கிறார்.”

“குடைவுக்குள்ள நிண்டவர் அக்கா. பத்திரமாத்தான் நிண்டவர். உடன வந்திடலாம் எண்டுதான்...”

“பிறகு?”

“கூப்பிட்டவர்.”

“உனக்குக் கேட்டதோ?”

அவன் தலையை ஆட்டினான். “கேட்டது. முதல் தரமும் கேட்டது. பேந்தும் கேட்டது.”

“வாறன் எண்டு ஒரு வார்த்தை சொன்னனியோ?”

“மனசுக்குள்ள நினைச்சனான்.”

“வாயால சொன்னனியோடா?”

“இல்லை.”

“என்னெண்டு கூப்பிட்டவர்?”

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மச்சான், மச்சான் எண்டு. பேந்து, டேய் மச்சான், உனக்கு ஏதும் நடந்ததோடா எண்டு. அதுக்குப் பிறகு கூப்பிடேல்லை. என்னைப் பாக்கத்தான் நடுவுக்கு வந்திருப்பார். அந்த நேரம் பாத்து மிசின் கல்லில இருந்து வழுகிட்டுது. இழுவையில தடைக்கட்டை முறிஞ்சு போச்சு.”

“தானா வந்து நிண்டவர் எண்டு பொலிசில சொன்னாய். செத்தவீட்டில சொன்னாய். நில் நில் எண்டு கத்தினனான் எண்டாய். அத்தனை சனத்துக்கு முன்னால நான் உன்னைக் கட்டிப்பிடிச்சனான் அஜந்தன். அப்பவும் நீ பேசாமல் நிண்டனி.”

“தானாத்தானே அக்கா வந்தவர்...”

“ஆருக்காக வந்தவர்?”

அவன் எழும்பினான். முகம் கறுத்துவிட்டது. அதுவரை அழுகிற குரலில் கதைத்தவன், இப்போது சத்தம் போட்டான்.

“எல்லாத்தையும் என்ர தலையில போடாதை. கயிறு போட்டிருந்தால் சாமான் நிண்டிருக்கும். கயிறை நிப்பாட்டினது ஆர்? நானோ? ஒரு கிழமை அத்தானோட கதைக்காமல் கிடந்தது ஆர்? அண்டைக்கும் அவர் கயிறைக் கையில எடுத்தவர் தெரியுமோ? எடுத்துப்போட்டுத் திரும்ப வச்சிட்டார். உன்ர அக்கா அறிஞ்சால் எனக்குச் சோறில்லையடா எண்டு சிரிச்சவர். அதை நான் செத்தவீட்டில சொன்னனானோ? உன்னைக் காப்பாத்தத்தான் வேற மாதிரிச் சொன்னனான்.”

ராஜினி அடி வாங்கியவள்போல நின்றாள். நான் போய் அவள் தோளைப் பிடித்தேன். அது கல்போல இருந்தது. மஹ்றூப் கயிற்றை நிலத்தில் போட்டுவிட்டார்.

“இந்தக் கிணறு எனக்கு வேணாம். மூடிப் போடுவம்,” என்றார்.

“இல்லை நானா,” என்றாள் ராஜினி. “கயிறை எடுங்கோ. இறுக்கிப் பிடியுங்கோ. சுமன், நீயும் கவனமாப் பிடி. அவன் இறங்கட்டும், வேலையை முடிக்கட்டும். உயிரோட மேல வரவேணும்.” பிறகு தம்பியிடம் திரும்பினாள். “நாளைக்குக் காலமை வந்து மாமியிட்டச் சொல்லு. இஞ்ச சொன்னதில ஒண்டும் குறையக்கூடாது. என்ர பங்கை நான் சொல்லுறன். அதுக்கு நீ எனக்குத் தேவையில்லை.”

திரும்பிவரும் பஸ்ஸில் அவள் யன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். ஒரே ஒரு தரம் வாய் திறந்தாள். “சோறில்லை எண்டு சிரிச்சவராம் ரீச்சர்.”

வீட்டில் வடிவம்மா விதைக் கச்சானை உடைத்துக்கொண்டிருந்தார். மழை விழுந்ததும் போடவேண்டியது. நிலக்கடலைப் பருப்பு சுளகிலும் கோது சாக்கிலுமாகக் கிடந்தது. ராஜினி செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னால் போய் நின்றாள்.

“மாமி, கயிறை நிப்பாட்டினது நான்.”

“தெரியும். அவன் அப்பவே எனக்குச் சொன்னவன்.”

“தெரிஞ்சும் ஏன் ஒரு நாளும் கேக்கேல்லை?”

“உன்னைக் கேட்டு என்ன செய்ய? நீ மேல நிக்கேல்லையே.” இன்னொரு கச்சானை உடைத்தார். “அவன் ஏன் வெளியில வந்தவன் எண்டு தெரிஞ்சுதோ?”

“தெரிஞ்சுது. அதைச் சொல்ல வேண்டியவன் நாளைக்கு வருவான்.”

வடிவம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். சுளகைச் சற்று நகர்த்தி இருவருக்கும் நடுவில் வைத்தார். ராஜினி இருந்து கச்சானை எடுத்தாள். இருவரும் இருட்டும் வரை உடைத்தார்கள்.

அஜந்தன் வரமாட்டான் என்று நான் நினைத்தேன். வந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் றோட்டால் போகிற நேரம். மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். வடிவம்மா முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். அவனை இருக்கச் சொல்லவில்லை. ராஜினி குசினி வாசலில் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

சொன்னான். கல்லில் தட்டியதையும் கம்பி இளகியதையும் வேம்படியையும் ஓவரையும் சொன்னான். விஜிதரன் கூப்பிட்டதைச் சொன்னபோது வடிவம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எப்பிடிக் கூப்பிட்டவன்?”

“மச்சான் எண்டு மாமி.”

“அது இல்லை. எப்பிடிக் கூப்பிட்டவனோ, அப்பிடிக் கூப்பிட்டுக் காட்டு.”

அவன் விளங்காமல் பார்த்தான்.

“கடைசியாக் கேட்டது நீதானே? எனக்குக் கேக்கேல்லை. கூப்பிடு.”

“மச்சான்...” என்றான்.

“உப்பிடியோ? அந்த ஆழத்தில நிண்டு கூப்பிட்டவன் உப்பிடியோ கூப்பிட்டிருப்பான்?”

“மாமி, வேண்டாம் மாமி.”

“கூப்பிடு.”

“மச்சான்!”

றோட்டால் போன பிள்ளைகள் நின்றார்கள். எதிர்வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வேலிக்கு வந்தாள்.

“மற்றதையும் சொல்லு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. அவன் கூப்பிட்டது அந்த ஒழுங்கை முழுவதற்கும் கேட்டிருக்கும்.

“டேய் மச்சான்! உனக்கு ஏதும் நடந்ததோடா?”

படலையடியில் சனம் சேர்ந்துவிட்டது. செத்தவீட்டில் பந்தலுக்குள் நின்ற அதே முகங்கள் பல. வடிவம்மா அவர்கள் பக்கம் திரும்பினார்.

“கேட்டியளே? என்ர பிள்ளை கவலையீனமா வெளியில வரேல்லை. இவனுக்கு என்ன நடந்தது எண்டு பாக்க வந்தவன்.” பிறகு அஜந்தனைப் பார்த்தார். “இனி நீ போகலாம். பொலிசில சொன்னதையும் போய் மாத்து.”

அவன் உடனே போகவில்லை. வடிவம்மாவைக் கடந்து குசினி வாசலைப் பார்த்தான்.

“அக்கா,” என்றான்.

ராஜினி நிலைமரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

“அக்கா...”

சனம் வழிவிட்டது. அவன் படலை வரை பின்பக்கமாகவே நடந்துபோய், அங்கே நின்று இன்னொரு தரம் கூப்பிட்டான். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவளுக்குக் கேட்டது.